ஈரம் காணாத கயிறு

‘ஆள்கடத்தலால் பாதிக்கப்பட்டு மீட்கப்பட்டவர், தையல் பயிற்சியால் மறுவாழ்வு பெற்றவர்’ என்று அரசுக் கோப்பு அருள்மேரியைப் பற்றிச் சொல்கிறது. அவளை யாரும் கடத்தவில்லை. புருஷன் கடலோடு போன பிறகு, தங்கச்சிமடத்தில் பஸ் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கித் தானாகவே பாலியல் தொழிலுக்கு வந்தவள். கடத்தினார்கள் என்று யாரையாவது சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால், ‘மீட்பு’ என்று போலீஸ் வேனில் ஏற்றிப்போய் ஒரு வருடம் காப்பகத்தில் பூட்டி வைத்தவர்களைத்தான் சொல்ல வேண்டும். அவர்கள் கொடுத்த தையல் மெஷின் மேல் இப்போது மிக்ஸி இருக்கிறது.

அன்று ராமநாதபுரத்தில் கருத்தரங்கு: பாலியல் தொழிலைச் சட்டபூர்வமாக்கலாமா? ஆக்கலாம் என்றவர் வக்கீல் உமாமகேஸ்வரி. ஆக்கினால் கடத்துகிறவனுக்குத்தான் கொண்டாட்டம் என்றவர் காப்பகம் நடத்தும் ஹெலன். இரண்டு பேருமே சாட்சிக்கு அழைத்திருந்தது அருள்மேரியை. அவள் வக்கீல் பக்கம். ‘போலீஸ் எங்க வாசலுக்கே வரக் கூடாது’ என்ற வரியைக் காலையிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே தான் தொழில் செய்யும் ராமேஸ்வரம் லாட்ஜின் மாடியில் இப்படியும் அப்படியும் நடந்தாள். வக்கீல் அனுப்புவதாகச் சொன்ன கார் இன்னும் வரவில்லை.

ராமேஸ்வரத்தில் லாட்ஜ் வராந்தா என்றால் சொட்டுகிற துணிதான். கடலிலும் கோயில் கிணறுகளிலும் நனையாமல் யாத்ரீகர் ஊர் திரும்புவதில்லை. கடைசி அறைக் கயிறு மட்டும் நேற்றும் வெறுமை, இன்றும் வெறுமை. கதவில் வெளிப்பூட்டு. ஜன்னலில் ஒரு முகம்.

“தீர்த்தமாடலயா தாயி?”

“சித்தப்பா வெளிய போகக் கூடாதுன்னாரு.”

“சொந்தச் சித்தப்பாவா?”

அந்தப் பெண் அழுதாள். பெயர் அமுதவள்ளி, சிக்கல் என்ற ஊர்க்காரி. மில் வேலை என்று சொல்லிக் கூட்டிவந்த அந்தச் ‘சித்தப்பா’ போனைப் பிடுங்கிக்கொண்டான். “நேத்து ஒரு ஆளு வந்து பாத்துட்டுப் போனான். இன்னைக்கு அவங்கூடப் போகணுமாம். என்னைய ஊருக்கு அனுப்பிருங்கக்கா.”

அருள்மேரி பாதிப் படி இறங்கினாள், ஏறினாள், மறுபடி இறங்கினாள். கீழே மேனேஜர் பிரடெரிக் இட்லி தின்றுகொண்டிருந்தான்.

“ஏலே, கடைசி ரூமுக்கு இன்னொரு சாவி குடு.”

“யக்கா, மைக்கப் புடிச்சு தொழிலுக்கு உரிமை கேக்கப் போறவ நீ. உனக்கு எதுக்கு இந்த வம்பு?”

“கேப்பேன். நான் கதவச் சாத்துனா தாப்பா உள்பக்கம் இருக்கும்லே. அவளுக்கு வெளிப்பக்கம் தொங்குது.”

“போலீஸு வந்தா லாட்ஜுக்குச் சீலு. உன்னையும் அள்ளிட்டுப் போயித் திரும்ப டெய்லர் ஆக்கிருவாய்ங்க.”

அதுதான் அவளுக்கும் பயம். ஆனாலும் சாவிக்குக் கையை நீட்டினாள். அந்த நேரம் பார்த்து வக்கீலின் போன்.

“கார் வாசலுக்கு வந்துருச்சு அருள்மேரி. ஹெலன் பேச ஆரம்பிச்சுட்டாங்க.”

“மேடம், இங்கன ஒரு புள்ளயப் பூட்டி வச்சிருக்கான்.”

“அது கடத்தல். அதுக்குச் சட்டம் வேற.”

“சட்டம் வேறதான். வாரது அதே போலீஸுதான மேடம்?”

கேட்டுவிட்டு அருள்மேரி போனை வைத்தாள். அதற்குள் பிரடெரிக் இட்லிக் கையோடு சாவியை மேசை மேல் தள்ளிவிட்டு, தான் எதையும் பார்க்கவில்லை என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கருத்தரங்கில் அவள் நாற்காலி காலியாகவே இருந்தது. இரு தரப்பும் அதைத் தங்கள் வாதத்துக்கே சான்றாகக் காட்டின. அதே நேரம் காவல் நிலையத்தில் ஏட்டு, அருள்மேரியையும் அமுதவள்ளியையும் பார்த்துவிட்டு ‘மீட்கப்பட்ட பெண்கள் இருவர்’ என்று எழுதினார்.

பூட்டைத் திறந்து, அமுதவள்ளியின் கையைப் பிடித்துக் காவல் நிலையத்துக்கு நடத்திக் கூட்டிவந்தவள் அருள்மேரி. அந்தப் பெண்ணின் தகப்பன் சிக்கலிலிருந்து வந்து சேரும்வரை, அவள் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.