காதர் கடித்துக் கொடுத்த சீப்பு

தேங்காய் எண்ணெய் வாசனை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என் வலது கை ஆள்காட்டி விரல் சுருக்கென்கும். வீட்டில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. இங்கே சொல்கிறேன்... சிரிக்காமல் படியுங்கள்.

எண்பதுகளின் நடுவில். ஆரணியில் பகலெல்லாம் பட்டுத் தறி, கல்யாண சீசனில் சாயங்காலமானால் மெல்லிசைக் குழு. நான் பேஸ் கிட்டார். அது வாசிக்கும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள். நின்றுபோனால் மட்டும் "இன்னாமோ கொறையுதே" என்பார்கள். தந்தியை மீட்டும் பிளாஸ்டிக் பிக் எல்லாம் கிடையாது, விரலால்தான் வாசிப்பேன்.

குழுவை நடத்தியவர் நாகராஜ் மாஸ்டர். அந்த வருஷம் மெட்ராஸிலிருந்து ஒரு கீபோர்டு வாங்கி வந்தார். அதன் இடது பக்கக் கட்டைகளில் பேஸ் சத்தம் அப்படியே வரும். அன்றைக்கே என் வேலைக்கு ஆள் வந்துவிட்டது.

போதாததற்கு ஒரு வேகப் பாட்டு வேறு வந்து சேர்ந்தது. பேஸுக்கு மூச்சு விட இடமே இல்லை. ஒரே தந்தியில், ஒரே ஸ்வரத்தில், திடுதிடுதிடுவென்று கடைசி வரை ஓட வேண்டும். ஒத்திகையில் இரண்டாவது சரணத்தில் நான் பின்தங்கினேன். என்னோடு சேர்ந்து பாட்டே தளர்ந்துபோனது.

மாஸ்டர் கத்தவில்லை. துண்டால் கீபோர்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ஞாயித்துக்கெழம ரிசப்ஷன்லயும் இப்பிடி இழுத்துச்சுன்னா, பேஸை நானே இதுல வாசிச்சிக்கிறேன். நீ தறியைப் பாத்துகினு இரு சேகரு."

எனக்கு அந்த மேடை வேண்டும். பகல் முழுக்கத் தறிக் குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்திருப்பவன் நான். நிமிர்ந்து நின்று, நாலு பேர் முன்னால் செய்கிற வேலை எனக்கு அது ஒன்றுதான் இருந்தது.

அதே வாரம் தறியில் ஒரு முகூர்த்தப் புடவை. இழை அறுந்தால் விரல் நுனியால் சேர்க்க வேண்டும். கிட்டார் தந்தியால் என் விரல்களோ காய்த்துச் சொரசொரவென்று கிடந்தன. பக்கத்தில் உட்கார்ந்து இழை பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி செல்விக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏங்க, இது வெரலா, தேங்கா துருவியா? தொட்ட எடமெல்லாம் பட்டு மாட்டிகினு கீது!"

அவள் குதிகால் தேய்க்கிற கல்லை எடுத்துப் பத்து விரலையும் தேய்த்தேன். காய்ப்பு மொத்தமும் போய் வழவழவென்று ஆனது. புடவை ஓர் இழை மாட்டாமல் முடிந்து, ஞாயிறு மதியம் தறியை விட்டு இறங்கியது. சாயங்காலம் கிட்டார் வாசிக்கப்போவதும் இதே விரல்தான் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

மூன்றாவது பாட்டில் உறைத்தது.

விரல் நெருப்பாக எரிந்தது. ஐந்தாவது பாட்டில் கொப்புளம் கிளம்பி, உடைந்து, தந்தி பிசுபிசுத்தது. மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் மேடை முன்னால் வந்து நின்று அந்த வேகப் பாட்டைக் கேட்டுக் கூச்சல் போட்டார்கள். மாஸ்டர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடது கையைக் கட்டைகளின் மேல் தயாராக வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பின்னால் டிரம்ஸில் காதர். என் வயசுதான் அவனுக்கும். என் விரலில் ரத்தத்தைப் பார்த்துவிட்டான். பாடகர் மைக்கில் மணமக்களை வாழ்த்திக்கொண்டிருந்த அந்த அரை நிமிஷத்தில், பின்பாக்கெட்டிலிருந்து சீப்பை உருவினான். காதருக்குத் தலைமுடி என்றால் உயிர். அந்தச் சீப்பைக் கூடப் பிறந்த தம்பிக்கே தர மாட்டான். அதன் முனையைப் பல்லால் கடித்து உடைத்து என்னிடம் நீட்டினான்.

"இந்தா, இத்தால அடி. ஜல்தி!"

"எனக்குப் பழக்கமே இல்லியேடா..."

"வேற வழி கீதா?"

துண்டெல்லாம் தேங்காய் எண்ணெய். சட்டையில் துடைப்பதற்குள் பாட்டைத் தொடங்கச் சொல்லி அவன் குச்சி நாலு தட்டிவிட்டது.

முழங்கையிலிருந்து ஓங்கி ஓங்கி அடித்தேன், கீழ்நோக்கி மட்டுமே. சீப்பு தந்திக்குள் ஆழமாகப் போய்ச் சிக்கியது. முதல் சரணம் முடிவதற்குள் முன்கை மரக்கட்டையாக இறுகிவிட்டது. நான் பிந்துகிறேன்... எனக்கே கேட்கிறது. மாஸ்டரின் விரல் ஒரு கட்டையைத் தொட்டது.

"கையை ஆட்டாத! மணிக்கட்டு! என் காலைக் கேளுடா!" என்று காதர் கத்தினான்.

மணிக்கட்டு... தறியில் ஊடு இழையைக் கொண்டுபோகும் நாடாவை ஓட்டுகிற கயிற்றைத் தோளால் இழுத்தால் மதியத்துக்குள் ஆள் காலி. சின்னதாக ஒரு சுண்டு போதும். பத்து வருஷமாக நான் செய்கிற வேலைதானே!

சீப்பை உள்ளே இழுத்து, நுனி மட்டும் வெளியே தெரியும்படி பிடித்தேன். தோளைத் தளர்த்தினேன். கீழே ஒன்று, மேலே ஒன்று... தந்தியை உரசினால் போதும். காதரின் கால் பெரிய டிரம்மில் விழும் இடத்தில் மட்டும் கொஞ்சம் அழுத்தினேன். மீதியெல்லாம் தானாக ஓடியது.

இரண்டாவது சரணம்... தாண்டிவிட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். மாஸ்டர் இடது கையைக் கீழே விட்டிருந்தார்.

அன்று பந்தியில் ரசம் பட்டு விரல் எரிய எரியச் சாப்பிட்டேன். மாஸ்டர் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "நம்ம பேஸுக்கு இன்னொரு ஜாங்கிரி வைப்பா" என்றார். நம்ம பேஸு! எரிகிற விரலாலேயே அந்த ஜாங்கிரியைப் பிட்டுத் தின்றேன்.

அந்தச் சீப்புத் துண்டு தேய்ந்து போகும்வரை வாசித்தேன். அப்புறம் காதரின் அடுத்த சீப்பு. வலது கை விரல்கள் பட்டுக்கு ஏற்ற மாதிரி வழவழப்பாகவே இருந்தன. தந்தியை அழுத்தும் இடது கை மட்டும் கடைசி வரை காய்த்து, இழையில் மாட்டிக்கொண்டே இருந்தது. செல்வியும் திட்டிக்கொண்டே இருந்தாள்.

இப்போது பேரன் சென்னையில் காலேஜ் பேண்டில் பேஸ் வாசிக்கிறான். அந்த மாதிரி பாட்டுக்குப் பங்க் என்று பெயராம், காது கிழிகிற வேகம். டப்பா நிறைய பிக், கலர் கலராக. வீடியோ அனுப்பினான். நான் அவன் மணிக்கட்டைத்தான் பார்த்தேன். நன்றாகத்தான் சுண்டுகிறான்.

காதர் போய் நாலு வருஷமாகிறது. கிட்டார் பரண்மேல் கிடக்கிறது. போன வாரம் செல்வி பீரோவிலிருந்து தன் பட்டுப் புடவையை எடுத்து மடிக்கச் சொன்னாள். இரண்டு கையாலும் முந்தானை வரை நீவி மடித்தேன்.

இடது கையில்கூட ஓர் இழை மாட்டவில்லை. அவளும் ஒன்றும் திட்டவில்லை.