வலுசர்ப்பம் சுற்றிய வெள்ளி ஜாடி

பெரியம்மாவின் வெள்ளி ஜாடி இப்போது எங்கள் சிட்லபாக்கம் வீட்டில், டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அதைத்தான் தொட்டுப் பார்ப்பார்கள். கழுத்திலிருந்து அடிவரை ஒரு சீன டிராகன் சுற்றிச் சுற்றி இறங்கும். மீசை, நகம், செதில் எல்லாம் விரலில் தட்டுப்படும். அடியில் எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாத சீன எழுத்துகள். பெரியப்பா கப்பலில் வேலை பார்த்தவர். கடைசிப் பயணத்தில் பினாங்கில் ஒரு பழைய சாமான் கடையில் இதை வாங்கி வந்தார். தன் தாத்தா காலத்து வேலைப்பாடு என்பார். பிள்ளையில்லாத அந்த வீட்டில் அதுதான் பிள்ளை. அவர் இறந்த பிறகு, பள்ளிக்கூட டீச்சராக இருந்த பெரியம்மா வாராவாரம் அதில் சம்பங்கி நிறைத்து எங்கள் சர்ச் பீடத்தின்மேல் வைப்பார். வருஷக்கணக்காக யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

புதிதாக வந்த சபைச் செயலாளருக்குத்தான் அது கண்ணை உறுத்தியது. ஆராதனை முடிந்து எல்லோரும் நிற்கும்போதே ஆரம்பித்தார். “டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. டிராகன்னா நம்ம வேதத்துல வலுசர்ப்பம். வலுசர்ப்பம்னா சாத்தான். அதைப் போய் ஆல்டர்ல வைக்கலாமா?”

“நான் பூவைத்தானே தம்பி வைக்கிறேன்?” என்றார் பெரியம்மா.

மனுஷன் விட்டால்தானே! “வெஸ்ட் தாம்பரத்துல வெள்ளிப் பட்டறை இருக்கு. அந்த உருவத்தைத் தட்டி பிளெயினா ஆக்கிக் குடுத்துடுவாங்க. அப்புறம் தாராளமா வைங்க.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன சொல்லியிருப்பேனோ, பெரியம்மா என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு பெரியப்பாவின் நினைவு நாள். அன்றைக்கு அந்த ஜாடி பீடத்தில் இருக்க வேண்டும். பெரியம்மா ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

வாரத்தின் நடுவில் ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு தனியாக ஆட்டோவில் போய் வந்தார். எங்கே என்று கேட்டதற்கு, “தாம்பரத்துல கொஞ்சம் வேலை இருந்துச்சுடி” என்றார். ஊர் வாய்க்குப் பயந்து பெரியப்பாவின் ஜாடியைத் தட்டக் கொடுத்துவிட்டாரோ? கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஞாயிறு காலை சர்ச்சில் முன்வரிசையில் உட்கார்ந்து பையைப் பிரித்தார். டிராகன் அப்படியே இருந்தது. போதாக்குறைக்குப் பளபளவென்று மெருகு வேறு போட்டு வாங்கியிருந்தார்! ஆனால் பீடத்துக்குப் போகவில்லை. பூவும் தண்ணீருமாக ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு ஆராதனை முழுக்க உட்கார்ந்திருந்தார். வேறு யாரும் பூ கொண்டுவரவில்லை. பீடம் மொட்டையாக இருந்தது. பக்கத்து வரிசையில் இருந்த செயலாளர் அதைப் பார்ப்பதும் தலையைக் குனிவதுமாக இருந்தார்.

ஆயர் அப்பம் வழங்கும் திருவிருந்து நேரம் வந்தது. பெரியம்மா ஜாடியோடேயே எழுந்து போய், பீடத்தின் முன்னால் இருந்த மரக்கிராதியருகே முழங்காலிட்டார். வரிசைப்படி அவருக்கு அடுத்து செயலாளர். எங்கள் சபையில் வலது கையை இடது கைமேல் வைத்துத்தான் அப்பம் வாங்க வேண்டும். ஆயர் அப்பத்தட்டோடு எதிரில் வந்ததும் பெரியம்மா பக்கத்தில் திரும்பினார். “தம்பி, இதைக் கொஞ்சம் புடிங்க.”

செயலாளர் வாங்கினார். வேறென்ன செய்வார்? தண்ணீர் சிந்தாமல் இருக்க நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பெரியம்மா அப்பத்தை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டார். ஜாடியைத் திரும்பக் கேட்கவில்லை. ஆயர் அடுத்து செயலாளர் முன்னால் வந்து நின்றார். அவருக்கோ கை காலியில்லை. ஜாடியைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார், கடைசியில் கிராதிக்கு மேலே அதைத் தூக்கி, தண்ணீர் கையில் தளும்ப நீட்டினார். “ஐயா, இதை அங்க வச்சிருங்க.” ஆயர் வாங்கிப் பீடத்தின் நடுவில் வைத்துவிட்டு வந்து, அந்த ஈரக் கைகளில் அப்பத்தை வைத்தார்.

இடத்துக்குத் திரும்பியதும் பெரியம்மா அழுதுவிட்டார். நானும்தான்.

இப்போது பெரியம்மா இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் செயலாளரே வண்டியில் வந்து ஜாடியை வாங்கிப் போகிறார். போய், டிராகனின் முகம் சுவரைப் பார்க்கிற மாதிரி வைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால் போய் நான் அதைத் திருப்பி வைக்கிறேன்.