மத்தியானத்துக்கு மேல் வரும் தண்ணீர்

ஜான்சி ஒன்பது வருடமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தாள். கடலூர் முதுநகரில் கம்ப்ரசர் விற்று, பழுதும் பார்க்கும் சின்னக் கம்பெனி அது. மெக்கானிக்கல் டிப்ளமோ படித்திருந்தாலும் அவளுக்குக் கிடைத்தது போன் எடுக்கிற வேலைதான். யார் என்ன கோளாறு சொன்னாலும் பொறுமையாகக் கேட்டு, தேவையான பாகத்தைப் பார்சலில் அனுப்பிவைப்பாள். அதில் அவளுக்குக் குறை ஒன்றும் இருந்ததில்லை. மாவட்டத்தில் பாதிக் கம்ப்ரசர்களின் வயதும் குணமும் அவளுக்கு அத்துப்படி. நேரில் பார்த்தது மட்டும் நாலைந்துதான்.

போன ஐப்பசியில் சிதம்பரம் பக்கத்து அரிசி ஆலை ஒன்றிலிருந்து மூன்றாவது முறையாக ஃபில்டர் கேட்டுப் போன் வந்தது. காற்றை வடிகட்டுகிற அது ஒரு வருடம் தாங்க வேண்டும். போன மாதம் ஒன்று, பத்து நாளைக்கு முன்னால் ஒன்று என்று ஜான்சியேதான் அனுப்பியிருந்தாள். அழுத்தம் குறைகிறது என்றார்கள், ஃபில்டரை மாற்றுங்கள் என்றாள். இந்த முறை போனை வைத்த பிறகு அவளுக்கு மனசு ஒப்பவில்லை. சர்வீஸ் பார்க்கும் திருநாவுக்கரசு மனைவியின் பிரசவத்துக்காக லீவில் இருந்தான். தானே போய்வருவதாக முதலாளியிடம் சொன்னாள். அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, மழை நேரம், குடை எடுத்துக்கொண்டு போ என்றார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்தாள். புதுச்சத்திரம் தாண்டும்போது பிடித்த மழை சிதம்பரம் வரைக்கும் விடவில்லை.

ஆலையின் சொந்தக்காரர் சடையப்பன், அரிசியைத் தரம் பிரிக்கும் இயந்திரத்துக்கு அவளை அழைத்துப் போனார். அரிசி அருவி மாதிரி இறங்கும்போது கேமரா கருப்பு மணியைக் கண்டுபிடிக்கும். உடனே ஒரு சின்னத் துளையிலிருந்து கம்ப்ரசர் காற்று சுள்ளென்று அடித்து அந்த மணியை மட்டும் வெளியே தள்ளும். காற்றின் வேகம் குறைந்தால் கருப்பு நல்ல அரிசியோடு போய்விடும். ஈரம் சேர்ந்தால் தூசி ஒட்டித் துளையே அடைத்துக்கொள்ளும். இரண்டுமே அங்கே கொஞ்ச நாளாக நடந்துகொண்டிருந்தது. கம்ப்ரசர் பத்தவில்லை, பெரிசாக ஒன்று வாங்கிவிடலாம் என்றிருப்பதாகச் சடையப்பன் சொன்னார்.

ஜான்சி முதலில் முற்றத்துக்கு அந்தப் பக்கம், கம்ப்ரசர் அறையின் வெளிச்சுவரில் இருந்த ஃபில்டரைப் பார்த்தாள். அதற்கு முன்னால் இருந்த மீட்டர் ஏழு காட்டியது, பின்னால் இருந்தது ஐந்தரை. ஒன்றரை அழுத்தம் ஃபில்டருக்குள்ளேயே தொலைந்துபோனது. கழற்றியதும் உள்ளிருந்த தண்ணீர் அவள் செருப்பில் கொட்டியது. கொண்டுவந்திருந்த புதுசை மாட்டினாள். இரண்டு மீட்டரும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. அவள் முன்பு அனுப்பிய இரண்டும் இப்படித்தான் வேலை செய்திருக்கும். பத்து நாளில் இதுவும் ஊறிப்போகும்.

அந்த இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவள் இளவரசி. முகத்தில் கட்டியிருந்த துணியை இறக்கிவிட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

“காலையில ஒண்ணும் இல்லைங்க மேடம். மத்தியானத்துக்கு மேலதான் கருப்பு ஜாஸ்தியா வருது. நானும் சொல்லிக்கிட்டுதான் இருக்கேன்.”

ஜான்சிக்குச் சுருக்கென்றது. போனில் எத்தனையோ கேட்டிருக்கிறாள். எந்த நேரத்தில் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. மத்தியானம் வரைக்கும் இருந்து பார்த்துவிட்டே போவது என்று முடிவு செய்தாள். இளவரசி தன் டப்பாவில் இருந்த புளிசாதத்தில் பாதியை மூடியில் வைத்துக் கொடுத்தாள்.

ஒரு மணிக்குக் கம்ப்ரசர் அறைக்குள் போனாள். கம்ப்ரசரிலிருந்து வருகிற சூடான காற்றைக் குளிரவைத்துத் தண்ணீரைப் பிரித்தெடுக்கிற டிரையர் அங்கே சுவரை ஒட்டி நின்றது. கையை வைத்ததும் எடுத்துவிட்டாள், அப்படிச் சுட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் சூட்டை வெளியே விடுகிற அதன் பின்பக்கக் கம்பிவலை முழுவதும் தவிட்டுத் தூசி கெட்டியாக அப்பியிருந்தது. தண்ணீரை வெளியேற்றும் வால்வும் இறுகிக் கிடந்தது. காலையில் எப்படியோ சமாளிக்கிற டிரையர், அறை சூடேறியதும் கைவிட்டுவிடும். ஈரக் காற்று அப்படியே ஃபில்டருக்குப் போகும். அதையும் தாண்டிய ஈரம், மழையில் நனையும் முற்றத்துக் குழாயில் குளிர்ந்து தண்ணீராகி இயந்திரத்துக்கே போய்ச் சேரும். வேகம் பத்தவில்லை என்று யாரோ கம்ப்ரசரின் அழுத்தத்தை வேறு ஏற்றிவைத்திருந்தார்கள். அதனால் சூடு இன்னும் கூடியது.

எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னாள். இளவரசியும் அவளும் பிரஷ்ஷால் தூசியைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தார்கள். மூட்டை தூக்குகிற இரண்டு பேர் வந்து டிரையரைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வைத்தார்கள். வால்வைக் கழற்றிக் கழுவி மாட்டிவிட்டு, அழுத்தத்தைப் பழைய அளவுக்கு இறக்கி ஓட்டியதும், வால்வு புஸ்ஸென்று தண்ணீரைக் கக்கியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கக்கியது. இளவரசி குந்தி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்குத் தட்டில் அள்ளிப் பார்த்தார்கள். நான்கு மணிக்கும் பார்த்தார்கள். அரிசி சுத்தமாக வந்தது.

“அப்ப பெரிய கம்ப்ரசர்?” என்றார் சடையப்பன்.

“வேணாம் சார், இதுவே போதும். வாரத்துக்கு ஒருக்கா தூசி தட்டுனா சரி.” கொஞ்சம் தயங்கிவிட்டு, “மொத ரெண்டு ஃபில்டரு வீணாப் போனது என்னாலதான். பாக்காமலே சொல்லிட்டேன்” என்றாள்.

அவர் இளவரசி பக்கம் திரும்பினார். “இந்தப் பொண்ணு தெனமும் சொல்லுச்சு. நான்கூடத்தான் காதுல வாங்கல.” டீ வாங்கிவர ஆள் அனுப்பினார்.

ஒரு கம்ப்ரசர் விற்பனை கைநழுவிப் போனதில் முதலாளி ஒரு நாள் முழுக்க அவளிடம் பேசவில்லை. அடுத்த வாரம் அவராகவே செவ்வாயும் வெள்ளியும் வெளிவேலைக்கு அவள் பெயரை எழுதினார். அந்த ஆலையிலிருந்து தினமும் காலையில் இரண்டு மீட்டர் எண்களும் இளவரசியிடமிருந்து வாட்ஸ்அப்பில் வரத் தொடங்கின. மேடம் என்பது எப்போது அக்காவானது என்று இருவருக்குமே நினைவில்லை.

தையில் திருவந்திபுரத்தில் இளவரசியின் தம்பிக்குக் கல்யாணம். ஜான்சி கணவன் ஆரோக்கியராஜுடன் ஸ்கூட்டரில் போனாள். அன்றைக்குக் கோயிலைச் சுற்றி ஏகப்பட்ட கல்யாணம். எந்த மண்டபம் என்று கண்டுபிடிக்கவே அரைமணி ஆனது. பட்டுப்புடவையில் இளவரசியை முதலில் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. இளவரசிதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கையைப் பிடித்தாள்.

“வாக்கா, மாமாவையும் இட்டுக்கிட்டு வா. பந்தி போட்டாச்சு.”

மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஆரோக்கியராஜ் இலையில் தண்ணீர் தெளிப்பதற்குள் பாயசம் வந்துவிட்டது.