ஒரு டிஸ்க்கில் இரண்டு கை

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைந்தாலே ஒயர்க்காரிக்குக் குமட்டிக்கொண்டு வரும். ஏசி சொட்டும் இடத்தில் ஒரு வாளி. அதன் விளிம்பில் யாரோ காயப்போட்ட ஈரச் சாக்ஸ். சர்வர் பெட்டியின் தலையில் நேற்றைய டீ டம்ளர், அதற்குள் செத்த ஈ. இத்தனை பேருடைய ரத்தப் பரிசோதனை முடிவுகளும் இருக்கிற இடம் இது, தூ!

‘ஒயர்க்காரி’ என்று பட்டப்பெயர் வைத்ததே அங்கே மேனேஜராக இருக்கும் அவள் அக்கா புருஷன்தான். வீட்டில் அத்தான், வேலையில் சார். வேலை வாங்கிக் கொடுத்தது தான்தான் என்று மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்லிக் காட்டுகிற ஆள்.

அவள் அமைத்துக் கொடுத்திருந்த ஏற்பாடு எளிது. இரண்டு சர்வர்கள், இரண்டுக்கும் பொதுவாக ஒரே டிஸ்க் பெட்டி. ஒன்று படுத்தால் மற்றது வேலையை எடுத்துக்கொள்ளும். ‘இருக்கியா?’ என்று ஒன்றையொன்று ஓர் ஒயர் வழியாக ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் வராவிட்டால், முதலில் மற்றதன் கரண்டை வெட்ட வேண்டும். பிறகுதான் டிஸ்க்கில் கை வைக்கலாம். பதில் வராததாலேயே அது செத்துவிட்டது என்று எப்படி நம்புவது?

திறப்பு விழாவில் அத்தான் பெரிய மனிதர்கள் முன்னால் அந்த ஒயரை உருவிக் காட்டினார். ஒரு சர்வர் பொசுக்கென்று அணைந்தது. மற்றது வேலையை எடுத்துக்கொண்டதால் முடிவுகள் திரையில் அப்படியே இருந்தன. அதை யார் பார்த்தார்கள்? “என்னங்க, புது மிஷின் அதுக்குள்ள படுத்துடுச்சா?” என்று ஒருவர் சிரிக்க, அத்தானின் முகம் தொங்கிப்போயிற்று.

“அந்தக் கரண்டு வெட்டுறத எடுத்துடு,” என்றார் மறுநாள்.

“எடுத்தா ரெண்டும் ஒரே நேரத்துல எழுதும் சார். எல்லாம் கந்தலாயிடும்.”

“எனக்கே பாடம் எடுக்கிறியா? என் மானம் போகுது. சொன்னதச் செய்.”

வேலை போய்விடுமென்று பயந்து செய்துவிட்டாள்.

போன வாரம் வாளி நிறைந்து வழிந்தது. தரையைத் துடைக்க வந்தவர் பெட்டியை நகர்த்த, ஒயர் கழன்றுவிட்டது. மற்றது செத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு இரண்டு சர்வர்களும் ஒரே டிஸ்க்கில் எழுதித் தள்ளின. அன்றைய முடிவுகள் மொத்தமும் நாசம். வந்தவர்களுக்கெல்லாம் திரும்பவும் ரத்தம் எடுக்க வேண்டியதாயிற்று. “ஒயர்க்காரி ஒயர மாத்திக் குத்திட்டா,” என்று அத்தான் ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். அக்கா குடும்பத்தில் கலகம் வேண்டாமென்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு. அக்கா பரிமாறக் கையை நீட்டினாள். முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரை கறுத்துக் கன்றியிருந்தது.

“என்னக்கா இது?”

“போன வாரம் உங்க ஆஸ்பத்திரியில ரத்தம் குடுத்தேன்ல, ரெண்டாந்தடவ குத்தினாங்கடி. எனக்குத்தான் நரம்பே கிடைக்காதே, உயிர் போயிடுச்சு. லேப்ல இருக்கிற பொண்ணு முதல்ல எடுத்த ரத்தத்தக் கீழ கொட்டிட்டாளாம். உங்க அத்தான்தான் சொன்னாரு. பாவம், கூடவே வந்து என் கையப் பிடிச்சுக்கிட்டாரு.”

எதிரே அத்தான் விரல்களை ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டிருந்தார். சீ, இந்த ஆளோடு உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவது! வேலை போனால் மயிரே போயிற்று என்று தோன்றியது அவளுக்கு.

“அந்தப் பொண்ணு எதையும் கொட்டலக்கா. கரண்டு வெட்டுறத எடுக்கச் சொன்னது இவர்தான். உன் முடிவு அதுலதான் அழிஞ்சுது. இவருக்கும் அது தெரியும்.”

“சாப்பிடுற நேரத்துல ஆபீஸ் பேச்சு எதுக்கு?” அத்தான் தலையைத் தூக்கவில்லை.

அக்கா கன்றிய கையை நீட்டி, அவர் முன்னாலிருந்த தட்டை எடுத்துக்கொண்டாள்.

“இப்பச் சாப்பிடல இல்ல? பேசுங்க.”