துண்டு போர்த்திய மானிட்டர்

2005 கோடையில், மரக்காணத்தில் ஒரு உப்பு கம்பெனி ஆபீசுக்கு நான்தான் நெட்வொர்க் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆளாளுக்கு ஒரு நடிகை படத்தைத் திரையில் வைத்திருந்தார்கள். எரிச்சலில், எல்லா கம்ப்யூட்டருக்கும் ஒரே படத்தைப் போட்டு, யாரும் மாற்ற முடியாதபடி பூட்டிவிட்டேன். மலைமேல் கருமேகம், கொட்டும் மழை. அழகான படம்.

மறுநாள் எடைமேடை கிளார்க் தன் குண்டு மானிட்டரைத் துண்டால் மூடிவிட்டு உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர், வெயிலில் காய்ந்த முகம். யாரிடம் பேசினாலும் கண் ஜன்னல் வழியாக வானத்தில்தான் இருக்கும்.

"இன்னா சார் இது? பாத்தியில உப்பு வெளைஞ்சு கெடக்குது. ஒரு மழை வந்தா எல்லாம் கரைஞ்சுடும். இப்ப போயி மழையக் காட்டுறீங்களே!"

"வெறும் படங்க அது."

"உங்களுக்குப் படம். சாயங்காலம் தூறுனா யாரு பதில் சொல்றது?"

சிரித்தேன். சாயங்காலம் தூறியது.

முதலாளி உட்பட ஆபீசே என்னைத் திரும்பிப் பார்த்தது. ஓடிப்போய் எல்லாத் திரையிலும் கொளுத்தும் பாலைவன வெயிலைப் போட்டேன்.

காலையில் அவர் துண்டை விலக்கி, திரையைப் பார்த்தார். அதே துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த ஃபேனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க சார்" என்றார்.

கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.