ஒரு தொட்டி, இரண்டு மோட்டார்

எழுபதுகளின் கடைசியில் கீழப் பம்ப் ஹவுஸில் வேலைக்குச் சேர்ந்தேன். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில், சிற்றாற்றங்கரைத் தோப்புக்குள் இருந்தது. ஒரு உறைகிணறு, ஒரு மோட்டார், ஓடு போட்ட ஒரு அறை. மோட்டாரைப் பார்த்துக்கொண்டு அங்கேயே தங்க ஆள் வேண்டும் என்றார்கள். எனக்குத் தங்க இடம் வேண்டும். அச்சன்புதூரில் அண்ணன் வீட்டில் இருந்தேன். மதினி ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் என் பாயைச் சுருட்டி நடையில் வைத்திருந்தாள். அவ்வளவுதான்.

தினக்கூலி ஆள் என்று எழுதிக்கொண்டார்கள். ஐந்தாம் வகுப்பு படித்தவனுக்கு அதுவே பெரிது.

ஆற்றில் இரண்டு மைல் மேலே, குற்றாலம் பக்கம், இன்னொரு பம்ப் ஹவுஸ். அதற்கும் ஒரு ஆள். இரண்டு மோட்டாருக்கும் சேர்த்து ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரு பாறை மேட்டின் மேல். இரண்டு குழாயும் மேட்டின் அடியில் ஒன்றாகச் சேர்ந்து மேலே ஏறும். இரண்டு மோட்டாரும் ஒரே நேரத்தில் தள்ளினால் அந்த இணைப்பு தாங்காது. அதனால் ஒருநாள் அவர் ஓட்டுவார், மறுநாள் நான்.

இரண்டு அறைக்கும் நடுவே ஒரு கம்பி. இரண்டு முனையிலும் கையால் சுற்றுகிற டெலிபோன். பேச்சு இரைச்சலாகத்தான் கேட்கும், ஒன்றும் விளங்காது. மணி மட்டும் விளங்கும். அன்றைக்கு ஓட்டுகிறவர் மணிக்கு ஒருதரம் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். ‘நான் ஓட்டுகிறேன், நீ சும்மா இரு’ என்று அர்த்தம். மணி வராவிட்டால் அவருக்கோ மோட்டாருக்கோ ஏதோ ஆகிவிட்டது, மற்றவர் உடனே போட வேண்டும். பதில் மணி அடிக்கக் கூடாது, குழப்பம் வரும் என்று ஓவர்சியர் சொல்லியிருந்தார். நானும் அடித்ததில்லை.

மூன்று வருஷம் இப்படிப் போயிற்று. மேலே இருந்தவரை நான் பார்த்ததில்லை. அவரும் இடத்தைவிட்டு நகர முடியாது, நானும் முடியாது. சமையல் சாமான் வாரம் ஒருமுறை சைக்கிளில் வரும். மற்றபடி தென்னை மட்டை விழுகிற சத்தம், ஆறு, மோட்டார். சில நாள் முழுக்க, இன்னொரு மனிதன் எனக்காக உண்டாக்கிய சத்தம் அந்த மணி ஒன்றுதான். அவர் நீளமாகச் சுற்றுவார். மழை நாளில் இன்னும் நீளம். ஏன் என்று தெரியாது.

நான்காம் வருஷம் சீசனில் சாரல் நன்றாக விழுந்தது. அருவிக்குக் கூட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் முறை. பத்து மணிக்கு மணி வரவில்லை. கால் மணி நேரம் பார்த்தேன். வரவில்லை. மோட்டாரைப் போட்டேன். மத்தியானம் ஓவர்சியர் சைக்கிளில் வந்து இறங்கினார். மேட்டின் அடியில் குழாய் இணைப்பு பிளந்து தண்ணீர் வயலுக்குள் ஓடுகிறது என்றார்.

“அவருதான் ஓட்டிக்கிட்டு இருக்காரே. நீரு எதுக்குவே போட்டீரு?”

“மணி வரலை.”

“மணிக்கு மணி அடிச்சேங்காரு.”

“வரலை.”

டெலிபோனை அவரே சுற்றிப் பார்த்தார். பதில் ஒன்றும் இல்லை. மறுநாள் காலையில் லைன்மேன் வந்து சுற்றினான். மேலே இருந்து பளிச்சென்று பதில் வந்தது.

“லைன் கிளீனா இருக்கு அண்ணாச்சி. கேட்கலைன்னா காதைத்தான் மாத்தணும்” என்று சிரித்தான்.

அடுத்த ஞாயிறு என் முறை. மணிக்கு மணி சுற்றினேன். ஒன்றுகூட விடவில்லை. பதினோரு மணிக்கு அங்கே அவர் மோட்டாரைப் போட்டுவிட்டார். புதிதாகப் போட்ட இணைப்பு மறுபடி பிளந்தது. தென்காசியில் இரண்டு நாள் குழாயில் தண்ணீர் இல்லை. பெண்கள் ஆபீஸ் வாசலில் குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்களாம்.

ஓவர்சியர் இந்தத் தடவை கத்தவில்லை.

“அவரு வரலைங்காரு, நீரு அடிச்சேங்கீரு. போன வாரம் நீரு வரலைன்னீரு, அவரு அடிச்சேன்னாரு. ஒருத்தரு பொய் சொல்லுதீரு. எவருன்னு எனக்கு வேண்டாம். இன்னொரு தடவ ஒடைஞ்சா ஒரு ஆளு வீட்டுக்குப் போகணும். அவரு பெர்மனென்ட். நீரு தினக்கூலி. நான் சொல்ல வேண்டாம்.”

வீட்டுக்கு என்றார். எந்த வீடு என்று நான் கேட்கவில்லை.

அந்த வாரம் யோசித்தேன். திங்கள் முதல் சனி வரை அவர் முறையில் மணி ஒழுங்காக வந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லை. பொய் சொல்கிறவன் கிழமை பார்த்துச் சொல்ல மாட்டான். அவர் அடித்திருப்பார். நானும் அடித்தேன். நடுவில் என்னவோ இருக்கிறது. லைன்மேன் வருவது திங்கட்கிழமை. அப்போது அது இருக்காது.

மூன்றாவது ஞாயிறு அவர் முறை. ஒன்பது மணிக்கு மணி வந்தது. பத்துக்கு வரவில்லை.

சட்டப்படி மோட்டாரைப் போட வேண்டும். போட்டால் குழாய் பிளக்கும், நான் போக வேண்டியதுதான். போடாமல் இருந்து, மேலே நிஜமாகவே மோட்டார் நின்றிருந்தால் தொட்டி காலியாகும். அப்போதும் நான்தான் போக வேண்டும். சுவிட்ச் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அறையைப் பூட்டினேன். கம்பியைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

தோப்பு தாண்டி, வயல் வரப்பில், கால்வாய்க் கரையில் கம்பி சரியாகத்தான் போயிற்று. குற்றாலம் நெருங்கும் இடத்தில் அந்த வருஷம்தான் கட்டின ஒரு லாட்ஜ். அதன் பின்புறம் மேடு. ஒரு கம்பம் சாய்ந்திருந்தது. கம்பி ஆள் கைக்கு எட்டுகிற உயரத்தில் தொங்கியது.

அதன்மேல் ஈரத் துண்டுகள். வேட்டி, சேலை, கால்சட்டை. இருபதுக்கு மேல் இருக்கும். எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்துவிட்டு வந்தவர்களுடையது. ஒரு சேலையின் நுனி கீழே இரும்பு வேலிமேல் கிடந்து சொட்டிக்கொண்டிருந்தது. மணியெல்லாம் அந்தச் சேலை வழியாக மண்ணுக்குள் போய்விட்டது.

லாட்ஜில் துணி துவைக்கிற அக்கா வாளியோடு வந்தாள்.

“யாரு அண்ணாச்சி? துணியில கைய வைக்காதீரும்.”

“இது டெலிபோன் கம்பி யக்கா.”

“கம்பின்னா கம்பிதான். ஞாயித்துக்கிழமை வாற கூட்டத்துக்கு என் கொடி காணுமா?” வாளியை வைத்தாள். “ஆனா இது ஒரு சனியன் புடிச்ச கம்பி. தொட்டா சில நேரம் சுரீர்னு கடிக்குது.”

“எப்பம் கடிக்கும்?”

“இப்பங்கூட. உள்ள கடியாரம் பத்து அடிக்கவும் கடிச்சிது.”

ஒவ்வொரு துணியாக எடுத்து அவள் தோளில் போட்டேன்.

“எம்மேல போடுதீரே, நான் என்ன கம்பமா?” என்றாள். ஆனால் வாங்கிக்கொண்டாள்.

பதினொன்று ஆகக் கொஞ்ச நேரம் இருந்தது. சாரலில் நின்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஈர மண்ணில் காலை ஊன்றி, கம்பியைக் கையால் பிடித்துக்கொண்டேன். அவர் அடித்தால் தெரியும். அடிக்காவிட்டால், அவர் மோட்டார் நின்றுபோயிற்று, என் வேலையும் போயிற்று.

“கிறுக்கா வே ஒமக்கு? கடிக்கும்னு சொல்லுதேன்லா” என்றாள் அக்கா.

உள்ளே கடிகாரம் அடிக்கத் தொடங்கியது. பாதியில் கை உதறியது. முழங்கை வரை ஏறியது. நீளமாக வந்தது. அவர் சுற்றுதான். விட்டுவிட்டேன். அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சாரல்.

மேலே அவர் அறை அங்கிருந்து அரை மைல்தான். போய்ப் பார்த்திருக்கலாம். பூட்டின அறை ஞாபகம் வந்தது. திரும்பி நடந்தேன்.

சாயங்காலம் ஓவர்சியரிடம் சொன்னேன். மறுநாள் லைன்மேனைக் கூட்டிப்போய்ப் பார்த்தார். கம்பியில் காய்ந்த துணி நூல் ஒட்டியிருந்ததாம். என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. மணி வராதபோது போடாமல் இருந்தீரே, அது நல்லது என்றார். ஆனால் மணியை இனி நம்ப முடியாது என்றும் சொன்னார்.

ஒரு மாதத்தில் ஏற்பாடு மாறியது. இரண்டு குழாயிலும் வால்வு. இரண்டையும் திறக்க ஒரே ஒரு இரும்புக் கைப்பிடி. அது தொட்டிக் காவலாளியிடம் இருக்கும். யார் முறையோ அவர் மேட்டுக்குப் போய் வாங்கி, வால்வைத் திறந்து, முறை முடிந்ததும் மூடித் திருப்பிக் கொடுக்க வேண்டும். கைப்பிடி இல்லாதவர் தண்ணீர் ஏற்ற முடியாது. அதன்பிறகு குழாய் ஒருதரம்கூடப் பிளக்கவில்லை. டெலிபோன் இரண்டையும் கழற்றி, கம்பியைச் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

அறை எனக்கு நிலைத்தது. அடுத்த வருஷம் பெர்மனென்ட் ஆனேன்.

மேட்டில் அவரைப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன். நான் கொடுத்துவிட்டு இறங்கிய பிறகு அவர் வருவார். அவர் கொடுத்துவிட்டுப் போன பிறகு நான் வருவேன். ஒருநாள் முறை முடிந்தும் இறங்காமல், தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தேன். பேன்ட் போட்ட ஒரு ஆள் வந்து கைப்பிடியை வாங்கிக்கொண்டு போனார்.

“மேல புது ஆளா?” என்று காவலாளியிடம் கேட்டேன்.

“அவரு ரிட்டயராகிப் போயி மூணு மாசமாச்சே. ஒமக்குத் தெரியாதா? ரெண்டு பேரும் ஒரே தொட்டிக்குத்தான வேலை பாத்தீய.”

“தெரியாது” என்றேன்.

எந்த ஊர் என்று கேட்டேன். காவலாளிக்கும் தெரியவில்லை. இறங்கி வந்து அறையைத் திறந்தேன். என் முறை முடிந்திருந்தது. செய்ய ஒன்றும் இல்லை.