அம்மா கழுவிய பந்து

மருத்துவமனையில் கடைசிக்கு முந்தைய வாரம், அம்மாவின் பாதங்களுக்குக் கிறீம் பூசிக்கொண்டிருந்தேன். கண்ணை மூடியபடியே கேட்டார்.

"பிள்ளை, அந்தப் பந்தை நான் சரியான இடத்திலதான் வைச்சனானோ?"

மருந்து மயக்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். "எந்தப் பந்து, அம்மா?"

"சித்தியைக் கேள். அவள் பாத்துக்கொண்டு நிண்டவள்."

கேட்டேன். சித்தி கதையைச் சொல்லி முடித்த நிமிடமே, அம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே ஆளைத் தேடிப் பிடிப்பது என்று முடிவெடுத்தேன். அம்மா இருக்கும்போதே பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை.

அம்மா மறைந்த முப்பத்தோராம் நாளில் உங்கள் கைக்கு வரும், கல்வெட்டு என்று நாம் சொல்லும் இந்த நினைவு மலரில் அதை எழுதப்போகிறேன் என்றபோது அண்ணா தயங்கினார்.

"கல்வெட்டில கோல்ஃபோ? சனம் என்ன நினைக்கும்?"

"அம்மாவை நினைக்கும்" என்றேன். பக்கங்களை ஒழுங்குசெய்து அச்சுக்குக் கொடுத்தவரும் அண்ணாவே.

அம்மா சாவகச்சேரியில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். கணிதத்தில் கெட்டிக்காரி. உயர்தரப் பரீட்சை எழுதினார். முடிவு வருமுன் போரினால் வீட்டைவிட்டு ஓடவேண்டியதாயிற்று. தங்கையான சித்தியைக் கையில் பிடித்தபடி லண்டனில் வந்திறங்கியபோது அம்மாவுக்கு இருபத்தொரு வயது. வேலை செய்ய அனுமதிக் கடிதம் கிடைத்தது. அகதி வழக்கின் முடிவு மட்டும் குரோய்டன் குடிவரவு அலுவலகத்திலிருந்து வருவதாக இல்லை. அக்காவும் தங்கையும் நகருக்குத் தெற்கே ஒரு கோல்ஃப் கிளப்பின் சமையலறையில் சேர்ந்தார்கள்.

அந்தச் சமையலறையின் பின்கதவைத் திறந்தால் கடைசிக் குழிக்குப் போகும் புல்வெளி. வாரநாட்களில் ஆடவருபவர்கள் அடித்துத் தொலைத்த பந்துகள் குப்பைத் தொட்டிப் பக்கம் கிடக்கும். உருளைக்கிழங்குத் தோல் கொட்டப் போகும்போதெல்லாம் அம்மா அவற்றைப் பொறுக்கி, குழாயில் கழுவி, ஒரு ஐஸ்கிறீம் டப்பாவில் போட்டுவைப்பார். மாலையில் கிளப் கடைக்காரர் வந்து எடுத்துப்போவார். அது எவரும் ஏவாத வேலை. கீழே கிடக்கும் ஒரு பொருள் அழுக்காகக் கிடக்க அம்மாவுக்குப் பொறுக்காது. எங்கள் வீட்டுக்கு வந்துபோன எல்லோருக்கும் இது தெரியும்.

அந்தக் கோடையில் அங்கே பெண் தொழில்முறை ஆட்டக்காரர்களின் சம்பியன்ஷிப் நடந்தது. அது இன்று நடப்பதில்லை. அதை நினைவில் வைத்திருப்பவர்களும் சிலரே. சமையலறைக்குச் சான்ட்விச் கணக்கைச் சொன்னார்களே தவிர, கிடக்கும் பந்தைத் தொடக்கூடாது என்று எவரும் சொல்லவில்லை.

இறுதி நாள். முன்னணியில் நின்ற பெண் கடைசிக் குழிக்கு அடித்த முதல் அடியில் பந்து வளைந்து, தொட்டியருகே நீண்ட புல்லுக்குள் வந்து விழுந்தது. அவர் நடந்து வர நேரம் எடுக்கும். அதற்குள் அம்மா வெளியே வந்தார், பார்த்தார், எடுத்தார், கழுவினார், டப்பாவில் போட்டார்.

பிறகுதான் ஒரு கூட்டம் குனிந்து குனிந்து புல்லைக் கிளறுவதைச் சன்னலால் இருவரும் கண்டார்கள். அன்றைய விதிப்படி தேட ஐந்து நிமிடம். அதற்குள் பந்து அகப்படாவிட்டால் ஒரு அடி தண்டமாகக் கணக்கில் கூடும்; கோல்ஃபில் குறைந்த அடிகளில் முடிப்பவருக்கே வெற்றி. திரும்பப் போய் முதலில் அடித்த இடத்திலிருந்தே அடிக்கவேண்டும். சம்பியன்ஷிப் போய்விடும். விதி தெரியாவிட்டாலும், அந்தப் பெண்ணின் முகம் அம்மாவுக்கு விளங்கியிருக்கிறது.

"அக்கா, பேசாமல் நில்" என்று சித்தி மேலங்கியைப் பிடித்து இழுத்தாராம். "வேலை போனாலும் பரவாயில்லை. பொலிஸ் வந்தால்? கேஸ் இன்னும் முடியேல்லை."

"அவள் என்னடி செய்தவள்? எடுத்தது நான்."

"அவள் நாளைக்கும் விளையாடுவாள். எங்களை அனுப்பினால் எங்க போறது?"

அம்மா டப்பாவிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தார். நடுவரிடம் நேரே போய்த் தான்தான் எடுத்ததாகச் சொன்னார். கழுவியதையும் சொன்னார். அவ்வளவு பதற்றத்திலும் ஆட்டக்காரி சிரித்துவிட்டாராம். வெளியாள் எடுத்த பந்துக்குத் தண்டம் இல்லை. கிடந்த இடத்தில் திரும்ப வைத்து ஆடலாம். எந்த இடம் என்று நடுவர் கேட்டார். அம்மா குனிந்து புல்லில் விரலை வைத்துக் காட்டினார்.

அங்கிருந்து அடித்த பந்து, ஆட்டத்துக்குத் தடையாக வெட்டியிருந்த மணற்குழிக்குள் போனது. ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் அந்தப் பெண் தோற்றார்.

"தோத்துப்போட்டும் அடுப்படிக்கு வந்து அக்காவின்ர கையைக் குலுக்கினவ" என்றார் சித்தி. "நீங்க?" என்று கேட்டேன். "நான் ஃபிரிட்ஜுக்குப் பின்னால."

வேலை போகவில்லை. வழக்கும் பின்னர் நல்லபடி முடிந்தது. அம்மா மாலை வகுப்புகளில் படித்து, ஒரு பாடசாலையின் ஆய்வுகூட உதவியாளராக இருபது ஆண்டுகள் பணியாற்றினார். டிராம் ஓட்டுநரான அப்பாவைக் கரம்பிடித்தார். எங்கள் இருவரையும் வளர்த்தார். தன் பிழையைத் தானே முதலில் சொல்லிவிடுவார். கறியில் உப்புக் கூடினால் நாங்கள் வாயில் வைக்குமுன் அறிவிப்பு வரும். ஞாயிறுகளில் புட்டுக்கு மாக் குழைத்தபடி, சத்தத்தை நிறுத்திவிட்டுத் தொலைக்காட்சியில் பெண்கள் கோல்ஃப் பார்ப்பார். ஏன் என்று நாங்கள் கேட்டதேயில்லை. ஒரு சாண் தள்ளிக் காட்டிவிட்டேனோ, அதனால்தான் அவள் தோற்றாளோ என்ற யோசனை அத்தனை ஆண்டும் அவருக்குள் இருந்திருக்கிறது.

அம்மாவை நோயில் தாங்கிய தாதியர்கள், கிங்ஸ்பரியிலிருந்து நாளாந்தம் கஞ்சி கொண்டுவந்த சித்தி, தன் ஷிப்டை மாற்றி இரவெல்லாம் அருகிருந்த அப்பா, இறுதிக்கிரியைக்கு வந்தும் வரமுடியாமல் அழைத்தும் எங்களோடு நின்ற உறவுகள், நண்பர்கள் ஒவ்வொருவரையும் கைகூப்பி நினைக்கிறோம்.

இனி, தேடிய கதை. கிளப்பின் பழைய செயலாளருக்கு எழுதினேன். அவர் என் கடிதத்தை உரியவருக்கு அனுப்பிவைத்தார். அந்த ஆட்டக்காரி இப்போது கடற்கரை ஊர் ஒன்றில் சிறுமிகளுக்குக் கோல்ஃப் பழக்குகிறார். சமையலறையில் வேலைசெய்த ஒருவரின் மகள் என்று மட்டுமே எழுதியிருந்தேன். சென்ற வாரம் பதில் வந்தது. பந்தைக் கழுவியவரின் மகளா, உடனே வா என்று.

சனிக்கிழமை காலை ரயிலில் போகிறேன். சித்தியும் வருகிறார், இம்முறை முன்னால் நிற்பாராம். இந்த மலரை ஆட்டக்காரிக்கு வரிவரியாக ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டிவிட்டு, அம்மா காட்டிய இடம் சரிதானா என்று கேட்பேன். சரி என்றால் அப்பாவுக்கு உடனே அழைத்துச் சொல்வேன். பிழை என்றால், அம்மாவின் மகளாக அந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்பேன்.